ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மாத்திரை

அவைக்குத் தலைமையேற்று, அரை மணி நேரமாகக் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மருத்துவர் நலச் சங்கத்தின் தலைவர், என் மதிப்பிற்குரிய மூத்தவர், டாக்டர் பொன்னுரங்கம் அவர்களே! சட்ட நுணுக்கங்களைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் சங்கத்தின் வழக்கறிஞர், அருமை நண்பர் ஆல்பர்ட் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மருத்துவத் தோழர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் முதியோரே, உங்களில் பாதிப் பேர் என் நோயாளிகள், எனக்குத் தெரிகிறது! வடக்கனந்தலிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் வேலையை விட்டு வேனேறி வந்திருக்கும் தாய்மார்களே! கல்வராயன் மலையிலிருந்து வந்து, திரும்பிப் போகும் பேருந்தைப் பற்றிய கவலையோடு அமர்ந்திருக்கும் உறவுகளே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நின்று கேட்கும் காளையரே! உங்கள் எல்லோருக்கும் கூப்பிய கரத்தோடும், இன்று கொஞ்சம் குலைந்த மனத்தோடும் வணக்கம் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்கள் இரண்டொருவர் இருக்கலாம். நான் தமிழழகன். கள்ளக்குறிச்சியில் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். கையை நீட்டினால் நாடி பார்ப்பேன். மைக்கை நீட்டினால் நாள் முழுக்கப் பேசுவேன். அந்த இரண்டாவது வியாதிக்கு எனக்கே மருந்து தெரியாது. சிரியுங்கள், சிரியுங்கள். இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போக அதற்கு வாய்ப்பு கம்மி.

இன்றைய கூட்டம் எதற்கு? என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். 'மருந்தாளுநர் மருத்துவர் ஆகலாமா?' என்று ஆளுயர எழுத்தில் கேட்டிருக்கிறோம். மருந்தாளுநர் என்றால் யார்? மருந்துக் கடையில் நம் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாரே, அதற்கென்றே படித்துப் பதிவு பெற்றவர், அவர்தான். அப்படி ஒருவர் மீது எங்கள் சங்கம் அவர்களுடைய கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. புகார் நிலைத்தால் அவருடைய பதிவு போகும். பதிவு போனால் எந்த மருந்துக் கடையிலும் அவர் நிற்க முடியாது. அந்தப் புகாரில் முதல் கையெழுத்து யாருடையது? என்னுடையது. முதல் சாட்சி யார்? நான். அதனால்தான் முழங்குவதற்கு என்னை அழைத்தார்கள்.

முழங்கட்டுமா? எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே தருகிறேன், கேளுங்கள்.

மருந்தை எழுதுவது மருத்துவரின் உரிமை! எழுதியதை எடுத்துக் கொடுப்பது மருந்தாளுநரின் கடமை! ஐயம் வந்தால் எழுதியவரைக் கேள் என்கிறது சட்டம். எழுதியதை மாற்று என்று எந்தப் பக்கத்தில் சொல்கிறது சட்டம்? எக்ஸ்ரே எடுக்கிறவர் எலும்பை ஒட்டலாமா? கண்ணாடி விற்கிறவர் கண்ணை அறுக்கலாமா? படித்த படிப்புக்கு ஒரு பரப்பு உண்டு. பரப்புக்கு ஒரு வரப்பு உண்டு. அந்த வரப்பை வெட்டுகிற கையை வேடிக்கை பார்க்கலாமா? வீதிக்கு வர வேண்டாமா?

ஆகா, என்ன கைதட்டல்! சரி, நடந்தது என்ன? போன ஜூலை மாதம். கரியாலூர்ப் பக்கம் இஞ்ஞாசியம்மாள் என்று ஓர் அம்மா. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாமல் என்னிடம் வந்தார். முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். மற்ற மாத்திரையைப் போல இதைத் தினமும் போடக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள்தான். சீட்டை வாங்கிய அம்மா மலைக்குப் போகும் நாலு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். மருந்தைக் கரியாலூரில் போய்த்தான் வாங்கினார். அங்கே கடையில் இருந்த மருந்தாளுநர், இலக்கியா என்ற அந்தப் பெண், என்ன செய்தார்? நான் எழுதிய வரியின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டினார். ஒட்டியதோடு விட்டாரா? அதன் மேல் தன் கைப்பட எழுதினார். என்ன எழுதினார்? 'வாரம் ஒன்று. ஞாயிறு பூசைக்குப் பின் மட்டும். திருநாள் பூசைக்குக் கிடையாது.' பக்கத்தில் தன் பெயர், தன் பதிவு எண்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். மறுமாதம் அந்தச் சீட்டோடு அம்மா வந்தபோது என் உதவி மருத்துவர் அதைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'இது மருந்துச் சீட்டா, மாதா கோயில் அறிவிப்பா?' என்று அதன் கீழே கேலி எழுதியவர் யார்? அடியேன்தான். நூற்றுப் பன்னிரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலமே புகார் தயார். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு 'வாரம் ஒன்று' என்று புதிய சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

கைதட்டாதீர்கள். போதும். கையைக் கொஞ்சம் கீழே போடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணி வரை என் பேச்சு இதோடு முடிவதாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆல்பர்ட் தன் அலுவலகத்தில் அந்த மூலச் சீட்டை என் கையில் கொடுத்தார். 'டாக்டர், சாட்சி சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க. ஒட்டுன தாள மட்டும் பிரிச்சிடாதீங்க' என்றார். நான் பிரிக்கவில்லை. சன்னலோரம் நின்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான். ஒட்டிய தாளுக்கு அடியில் என் எழுத்து தெரிந்தது.

என்ன தெரிந்தது தாய்மார்களே? வாரம் ஒன்று என்றா? நான் அப்படித்தான் எழுதினேன் என்று ஆறு மாதமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தேனே, அதுவா? இல்லை. ஒன்று, சைபர், சைபர். முப்பது நாள். உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை. தினமும்! என் பேனா. என் சுழி. என் கையெழுத்து.

அன்றைக்கு எழுபது பேரைப் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் கை அப்படி எழுதிப் பழகிவிட்டது. பேனா தாளைத் தொட்டால் ஒன்று சைபர் சைபர் தானாக விழும். மேடையில் இருக்கிற தோழர்களே, உங்களுக்கும் விழும், இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம். அந்த மாத்திரையைத் தினமும் போட்டால் என்ன ஆகும்? வாயெல்லாம் புண்ணாகும். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். முப்பது நாள் வேண்டாம், அதில் பாதியே போதும். என் ஆஸ்பத்திரியின் கீழேயே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே என் எழுத்தை மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்த அம்மாவுக்கு நாலு மணிப் பேருந்து மட்டும் பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால்? அதை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். 'நேரம் ஆகிவிட்டது, முடிக்கவும்.' ஐயா, உங்கள் எழுத்து எனக்கு நன்றாகப் புரிகிறது. மன்னியுங்கள், முடிக்கிற இடம் இது இல்லை.

நேற்று மதியம் சாப்பிடாமல் கரியாலூருக்குக் காரை விட்டேன். அந்தப் பெண்ணை முதன்முதலாக நேரில் பார்த்தேன். கோபம் கோபமாக வந்தது எனக்கு. தப்பு செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வரும்! 'ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?' என்றேன். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

'பண்ணேன் சார். நாலு வாட்டி பண்ணேன். இங்க கடையில டவரே கெடைக்காது. ஷட்டர எறக்கிட்டு அருவி ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து போயி, கல்லு மேல ஏறி நின்னுக்கினு பண்ணேன். நாலு வாட்டியும் கட் பண்ணீங்க. மெசேஜும் போட்டேன். ஏழு மாசம் கழிச்சி வந்து இன்னா சார் கேக்கறீங்க?'

திரும்பி வரும் வழியில் அதே வளைவில் காரை நிறுத்தி என் போனைத் தோண்டினேன். படிக்காத செய்தி நானூற்றுச் சொச்சம். அதற்குள் கிடந்தது. 'சார், இஞ்ஞாசியம்மாள் சீட்டில் மெத்தோட்ரெக்சேட் தினமும் என்று இருக்கிறது. தினமுமா, வாரமா? அவசரம். இலக்கியா, மருந்தாளுநர், கரியாலூர்.' ஜூலை மாதம், மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? சின்னசேலத்தில், இதே போல ஒரு மேடையில், இதே போல ஒரு மைக்கின் முன்னால்! 'நோயாளியின் முனகல்தான் மருத்துவனுக்கு முதல் மந்திரம்' என்று முழங்கிக்கொண்டிருந்தேன். நீங்களும் சிலர் கேட்டிருப்பீர்கள். சட்டைப் பையில் போன் நான்கு முறை அதிர்ந்தது. நான்கு முறையும் பேச்சை நிறுத்தாமலே கட்டை விரலால் அமுக்கினேன். பிறகு புகாரில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டேன்? 'மேற்படி மருந்தாளுநர் என்னைத் தொடர்பு கொள்ள எந்த முயற்சியும் செய்யவில்லை.'

பொய் என்று தெரிந்து எழுதவில்லை. தெரிந்துகொள்ள முயலாமல் எழுதினேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

'இதையெல்லாம் யாரிடமும் ஏனம்மா சொல்லவில்லை?' என்று கடையில் நின்றபோதே இலக்கியாவைக் கேட்டிருந்தேன். 'சொல்லாம இருப்பனா சார்? நோட்டீசுக்குப் பதிலு ரெண்டு பக்கம் எழுதினேன். தாளுக்கு அடியில இன்னா இருக்குதுன்னும் எழுதினேன். யாராச்சும் படிச்சீங்களா?' ஆல்பர்ட், அந்தப் பதில் உங்கள் கோப்பில் இருக்கிறது, நேற்று இரவு இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். அதில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்னைக்கூட யாரும் கழற்றவில்லை. தலையைக் குனியாதீர்கள் நண்பரே. அது என் பெயரில் உள்ள வழக்கு. நான்தான் கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டும்.

'சரியம்மா, விதிப்படி மருந்து கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கலாமே?' என்றும் கேட்டுப் பார்த்தேன். எப்படியாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று துழாவினேன் என்பதுதான் உண்மை. இலக்கியா சொன்னார்: 'அனுப்பியிருக்கலாம் சார். ரூல்சு அதான். ஆனா அந்தம்மா மறுநாளு கூலிய வுட்டுட்டுக் கீழ வருமா? வேற கடையில போயி வாங்கிக்கும். அவங்க சீட்டுல இருக்கறத அப்படியே குடுத்துடுவாங்க. அதான் மேல தாள ஒட்டினேன். அந்த எழுத்து வேற யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு.'

அப்புறம் அந்தப் பூசை? நாம் சிரித்தோமே, அந்தப் பூசை? 'வாரம் ஒண்ணுன்னு சொன்னா அந்தம்மாவுக்கு எந்தக் கெழமன்னு மறந்துடும் சார். வாரத்துல தவறாம இன்னாம்மா செய்வன்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறது ஒண்ணுதாம்மா, மழ பேஞ்சாலும் போவேன்னுது. அப்ப பூசை முடிஞ்சி வந்து, சாப்ட்டுட்டு ஒண்ணு போடுன்னேன். அதுவே அப்புறமா கேக்குது, கிறிஸ்மசுக்கும் பூசை வருமே, அன்னிக்கும் போடணுமான்னு. அதனால ரெண்டாவது வரியும் எழுதினேன்.'

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நோயாளியிடம், வாரத்தில் தவறாமல் நீ என்ன செய்வாய் என்று நான் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

பின்வரிசையில் யாரோ 'துரோகி' என்கிறார்கள். கேட்டது தம்பி, காது நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குத் துரோகி? சங்கத்துக்கா? இருபத்திரண்டு ஆண்டு சந்தா கட்டிய சங்கம் இது. அதன் பெயரில் ஒரு பொய் வியாழக்கிழமை அரங்கேற விட்டால்தான் நான் துரோகி.

அப்படியானால் வரப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. இலக்கியா வரப்பைத் தாண்டினார், அது உண்மை. எழுதியவரின் சம்மதம் இல்லாமல் எழுதியதை மாற்றினார். நாளைக்கு இன்னொரு கடையில் இன்னொருவர், இத்தனை நிதானம் இல்லாதவர், சரியாக எழுதியதைத் தப்பாகத் திருத்தினால்? அப்போது ஒரு உயிர் போனால்? சட்டம் தேவைதான். இந்த இடத்தில் என் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. உங்களுக்குச் சுலபமான ஒரு பதிலைத் தர எனக்கும் ஆசைதான், என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். மாற்றுவதற்கு முன் கேள் என்று சட்டம் அவருக்குச் சொன்னது. அவர் கல்லின் மேல் ஏறி நின்று கேட்டார். கேட்டால் பதில் சொல் என்பது யாருக்கான சட்டம்? அது எனக்கானது இல்லையா? நம் உரிமையின் எல்லை எதுவரை என்று ஊரைக் கூட்டிக் கேட்கிறோமே, நம் பொறுப்பின் எல்லை எதுவரை என்று ஒரு நாளாவது, ஒரு கூட்டத்திலாவது, ஒரு தீர்மானத்திலாவது கேட்டிருக்கிறோமா?

இன்றைய மூன்றாவது தீர்மானத்தை நான் வாசிக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. 'அத்துமீறிய மருந்தாளுநரின் பதிவை ரத்து செய்க.' வாசிக்க மாட்டேன். அதற்குப் பதிலாக ஒன்றை முன்மொழிகிறேன். இந்த மாவட்டத்தில் நாம் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். மலையில் கடைசி மருந்துக் கடை பூட்டும் வரை அந்த எண்ணை ஒரு மனிதர் எடுக்கட்டும். யாரும் வழிமொழிய வேண்டாம். என் சீட்டில் நாளை முதல் இருக்கும்.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. இடது பக்கம், தாய்மார்கள் வரிசையில், நீலச் சேலை கட்டிய அம்மா. எங்கள் சங்கம் அனுப்பிய வேனில் எதற்கென்று தெரியாமலே ஏறி வந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம்மா, உட்காருங்கள். இவர்தான் இஞ்ஞாசியம்மாள். நேற்று இவரையும் காட்டில் போய்ப் பார்த்தேன். மரவள்ளிக் குச்சியை வெட்டிக்கொண்டிருந்தார், வெட்டுக்கத்தியை இறுக்கிப் பிடித்தபடி! என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். 'நீங்க குடுத்த மாத்திரதான் சார், வெரலு நல்லா மடங்குது. டிசம்பர்ல ஒரே வாரத்துல ரெண்டு பூசை வந்துச்சி. ஒண்ணுக்குத்தான் போட்டேன். அந்தப் பொண்ணு சொல்லியிருந்துதே' என்றார். ஆயிரம் பேர் முன்னால் அஞ்சாமல் பேசுகிற நான், திருப்பிக் கும்பிட்டுவிட்டு அந்த மரவள்ளிக் காட்டை விட்டுக் காரைப் பார்த்து நடந்தேன்.

அம்மா, இப்போது சொல்கிறேன். நான் எழுதிய மருந்து உங்களைக் கொன்றிருக்கும். அந்தப் பெண் அதை மாற்றி எழுதியதால்தான் இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்காக அவர் மேல் வழக்குப் போட்டது நான். என்னை மன்னியுங்கள்.

என்னம்மா? மைக்கை அவரிடம் கொடுங்கள். வேண்டாமா? சரி, அவர் கேட்டதை நானே திருப்பிச் சொல்கிறேன். 'அதெல்லாம் கெடக்கட்டும் சார். அந்தப் பொண்ணுக்கு வேல போயிடுமா?'

கேட்டீர்களா? பேனர் கட்டிய நமக்குத் தோன்றாத கேள்வி! மேடை போட்ட நமக்குத் தோன்றாத கேள்வி! தன் உயிர் தப்பிய கதையைக் கேட்ட அடுத்த நொடியில் அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது!

வேலை போகாதம்மா என்று சொல்ல ஆசைதான். போக விடமாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்பு என் கையில் இல்லை. என் பதிவே கூட வியாழக்கிழமைக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் புகாரில் முதல் சாட்சி நான். அதை யாரும் அழிக்க முடியாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, என் போனையும் எடுத்துக்கொண்டு, முதல் ஆளாகப் போய் நிற்பேன். சங்கம் கூப்பிட்ட சாட்சியாகத்தான் போவேன். இலக்கியா அவர்களுக்காகத்தான் பேசுவேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கு நன்றி. இருந்து கேட்டவர்களுக்கு நன்றி. பாதியில் எழுந்து போன தோழர்களுக்கும் நன்றி, வியாழக்கிழமை சந்திப்போம். கரியாலூர்ப் பக்கம் போகிறவர்கள் கிளம்புங்கள், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வணக்கம்.